வடிவேல் சீட் கவர்ஸ் எழுதிய கமெண்ட்

ஜூன் 9, திங்கள்

உளுந்து சரியாக அரையவில்லை. இட்லி கல் மாதிரி வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஆறு சாப்பிட்டார். துர்கா ஒரே ஒரு இட்லியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்:

"ம்மா, நான் ஆகாஷ கட்டிக்கலாம்னு இருக்கேன்."

கட்டிக்கலாமா என்று கேட்கவில்லை. இருபத்தேழு வயது, ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை, சொந்தச் சம்பளம். கேட்க வேண்டிய அவசியம் இல்லைதான். இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

பையன் வீராம்பட்டினம். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் நிரந்தர வேலையில் இருந்தானாம். போன வருடம் விட்டுவிட்டானாம். விட்டுவிட்டு?

"சினிமாவுக்கு அர்த்தம் சொல்றாம்மா."

"சினிமாவுல நடிக்கிறானா?"

"இல்லம்மா. சயின்ஸ் ஃபிக்‌ஷன், த்ரில்லர் படத்துல எல்லாம் குறியீடு வச்சிருப்பாங்க இல்ல? அத எடுத்து விளக்குவான். யூடியூப்ல."

இருபத்தொன்பது வருடமாகப் பாண்டிச்சேரி உப்பளத்தில் ஒரே அரசு அலுவலகத்தில் இருக்கிறேன். எத்தனையோ பணிப்பெயர்களைப் பார்த்தாயிற்று. இது எந்த அட்டவணையிலும் இல்லை.

"அப்பா என்னா சொல்றார்னு கேளு" என்றேன். அவர் ஏழாவது இட்லியை எடுத்தார்.

ஜூன் 10, செவ்வாய்

பையனுக்கு வேலை இல்லை. எனக்குப் பிடிக்காததற்கு அதுதான் காரணம். வேறு காரணம் எதுவும் கிடையாது.

(இதை ஏன் எழுதி வைக்கிறேன்?)

ஜூன் 14, சனி

எதையும் பார்க்காமல் மறுக்கக் கூடாது. கோப்பைப் படிக்காமல் குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கில்லை. அவர் புதுப் போன் வாங்கியதிலிருந்து பழைய போன் என்னிடம்தான் இருக்கிறது. அதில் ஆகாஷின் சேனலைத் தேடி எடுத்தேன். துர்கா டியூட்டிக்குப் போயிருந்தாள், இவர் கடையில். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே பார்த்தேன்.

ஒரு விண்கலப் படம். ஐந்து பேர் எங்கோ போகிறார்கள். அந்தப் படத்தில் ஒரு நடைபாதையில் மஞ்சள் பிளாஸ்டிக் வாளி இருக்கிறது. அந்த வாளியைப் பற்றி மட்டும் பதினொரு நிமிடம் பேசினான். வாளி என்பது பூமித்தாயின் கருவறையாம். மஞ்சள் என்பது மனிதன் விட்டுவந்த சூரியனாம். அதன் கைப்பிடி ஒரு பக்கம் சாய்ந்திருப்பது நாகரிகத்தின் வீழ்ச்சியாம்.

பையன் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறான். கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறான். கண்ணில் ஒரு வெளிச்சம். ஆனால் வாளி?

கத்தரிக்காய் கறுத்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

தூக்கம் சரியில்லை. அந்த வாளிதான். காலையில் மறுபடி போட்டுப் பார்த்தேன். நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன். நான் நினைத்தது சரி. கீழே எழுத ஒரு கட்டம் இருந்தது. பெயர் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. எழுதிவிட்டேன். நகல் இங்கே:

"பொருள்: விண்கலத்தில் வாளி – தொடர்பாக. பார்வை: தங்களது காணொலி, 12-வது நிமிடம். மேற்படி வாளியானது பூமித்தாயின் கருவறையைக் குறிப்பதாகத் தெரிவித்துள்ளீர்கள். வாளிக்கு நேர்மேலே கூரையில் ஈரக்கறை காணப்படுகிறது. எனவே, கூரை ஒழுகுகிறது என்பதும், அதன்பொருட்டே வாளி வைக்கப்பட்டுள்ளது என்பதும் தெளிவாகிறது. எமது அலுவலகப் பதிவறையிலும் இதே நடைமுறையே பின்பற்றப்பட்டு வருகிறது. இது தங்கள் கனிவான கவனத்திற்குப் பணிந்து கொண்டுவரப்படுகிறது."

அனுப்பியதும் மனசு லேசானது. ரசம் நன்றாக வந்தது.

ஜூன் 17, செவ்வாய்

பதில் வந்திருக்கிறது.

"ஐயா, மூணு தடவ படிச்சேன். கூரை ஒழுகுது! நட்சத்திரம் வரைக்கும் போயும் மனுஷன் ஒழுகற கூரைக்குக் கீழ வாளிதான் வைக்கிறான். இது எனக்குத் தோணவே இல்ல. உங்க கமெண்ட்ட பின் பண்றேன். உங்க ஆசீர்வாதம் எப்பவும் வேணும்."

ஆசீர்வாதம் எதற்கு? ஒழுகுகிறது என்றுதானே சொன்னேன்.

பின் பண்ணுவது என்றால் எல்லாருடையதற்கும் மேலே வைப்பதாம். இத்தனை வருடத்தில் நான் எழுதிய எந்தக் குறிப்பும் இவ்வளவு சீக்கிரம் மேலே போனதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

நூற்றுப்பன்னிரண்டு பேர் என் குறிப்புக்குக் கீழே எழுதியிருக்கிறார்கள். எல்லாரும் "சீட் கவர் ஐயா" என்கிறார்கள். "சீட் கவர் ஐயா வேற லெவல்." "சீட் கவர் ஐயா அடுத்த படம் எப்ப பாப்பீங்க."

எனக்குப் புரியவில்லை. பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், என் குறிப்புக்கு மேலே "வடிவேல் சீட் கவர்ஸ்" என்று இருக்கிறது. பக்கத்தில் அவர் தைத்த சிவப்பு ரெக்சின் பைக் சீட்டின் படம்.

போன் அவருடையது. கணக்கும் அவருடையது. கடைப் பெயரில் போட்டு வைத்திருக்கிறார் மனுஷன்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு யோசித்தேன். தமிழ்நாடு, பாண்டிச்சேரி முழுக்க எத்தனை வடிவேல், எத்தனை சீட் கவர் கடை. அந்தப் பையனுக்கு எப்படித் தெரியப்போகிறது? தெரியாது. இவரிடம் சொல்லவா? கேட்டால் சொல்லலாம். கேட்கமாட்டார்.

ஜூன் 29, ஞாயிறு

துர்காவின் போக்கு வித்தியாசமாக இருக்கிறது. மூன்று வாரமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்பாவிடம் மட்டும் ஒரே பாசம். இன்று அவருக்குப் பைனாப்பிள் கேக் வாங்கி வந்தாள். காரணம் கேட்டால் "சும்மா" என்கிறாள். அவர் ஷர்ட்டுக்கு இஸ்திரி போட்டாள். வெளியே கிளம்பும்போது "தேங்க்ஸ்ப்பா" என்றாள்.

"எதுக்கு?" என்று அவர் கேட்கவில்லை. கேக்கைச் சாப்பிட்டார். இப்படியும் ஒரு மனுஷன்.

ஜூலை 6, ஞாயிறு

லிஃப்ட் படம். ஸ்பானிஷ் மொழி. எட்டுப் பேர் ஒரு லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள், ஒருவர் செத்துப்போகிறார், மற்ற ஏழு பேரில் ஒருவர் கொலையாளி. ஆகாஷின் கருத்து: லிஃப்ட் ஆபரேட்டர்தான் செய்தான், ஏனென்றால் அவன் தொப்பியின் கறுப்பு மரணத்தின் குறியீடு.

படத்தை இரண்டு முறை பார்த்தேன். துர்காதான் டிவியில் ஏதோ இணைப்பு கொடுத்து வைத்திருக்கிறாளே, அதில். பழைய கோப்பு அட்டைக்குப் பின்னால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று படம் போட்டேன். ஆபரேட்டர் கிடையாது. தொப்பி கறுப்பாக இருப்பது சீருடை. எங்கள் அலுவலக வாட்ச்மேனுக்கும் கறுப்புத் தொப்பிதான், அவர் எறும்பைக்கூட மிதிக்கமாட்டார்.

இரண்டு பக்கம் எழுதினேன். இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு என்று பிரித்துக் கொடுத்தேன்.

ஜூலை 10, வியாழன்

ஆகாஷ் அடுத்த வீடியோவிலேயே சொல்லிவிட்டான்: "நான் தப்பு பண்ணிட்டேன். நம்ம ஐயா சொன்னதுதான் சரி." தப்பை ஒப்புக்கொள்கிற ஆம்பிளையை நான் அலுவலகத்தில் பார்த்ததில்லை. வீட்டிலும்.

ஒன்று எனக்கே சரியாகப் படவில்லை. இன்று எங்கள் அதிகாரியின் நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. முதுகு எங்களுக்கு. மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, மனிதர் மனதளவில் கிளம்பிவிட்டார் என்று எனக்குள் ஓடியது. பக்கத்து சீட் பலராமனிடம் மெல்லச் சொன்னேன். அவர் சொன்னார், "அந்தப் பக்கத்து ஃபேன் ஓடல மேடம். அதான் இந்தப் பக்கம் திருப்பிப் போட்டாரு."

ஜூலை 14, திங்கள்

பீச் ரோட்டில் பிரெஞ்சுக்காரர்கள் விழா. எதிர்வீட்டுச் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், மெடல் எல்லாம் குத்திக்கொண்டு கிளம்பினார். ஒரு மெடல் தலைகீழாக இருந்தது. என்ன அர்த்தமாக இருக்கும் என்று பஸ் ஸ்டாப் வரை யோசித்தேன். கண் தெரியவில்லை என்று அர்த்தம்.

ஜூலை 19, சனி

துர்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ம்மா, ஒரு தடவ அவங்கிட்ட பேசிப் பாரேன். ஒரே ஒரு தடவ."

"பேச என்னா இருக்கு?"

"ஒனக்கு அவன் என்னா மாதிரி ஆளுன்னே தெரியாது."

எனக்குத் தெரியாதா. அவனுக்குக் கண்ணாடி என்றால் உயிர், எந்தப் படத்தில் கண்ணாடி உடைந்தாலும் அரை மணி நேரம் பேசுவான். கிளைமாக்ஸ் சொல்லும்போது குரல் தழையும். இரவுக் காட்சிகளை விளக்க வராது. யாராவது கீழே திட்டி எழுதினாலும் "நன்றி நண்பா" என்பான். எல்லாம் தெரியும்.

"வேல இல்லாதவங்கிட்ட பேச ஒண்ணும் இல்ல" என்றேன்.

போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் அப்பாவோடு சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது.

ஜூலை 20, ஞாயிறு

நிலாவில் ஒரு நிலையம். இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். மூத்தவள் தினமும் பூமிக்கு அறிக்கை அனுப்புகிறாள், பதில் வருவதே இல்லை. ஆகாஷ் சொல்கிறான், பதில் சொல்லாத பூமி என்பது கடவுளின் மௌனம் என்று.

எனக்கு அப்படிப் படவில்லை. நான் எழுதியதில் கடைசிப் பத்தி மட்டும் இங்கே: "மேற்படி அலுவலர் பதிலை எதிர்பார்த்து அறிக்கை அனுப்புவதாகத் தெரியவில்லை. அடுத்த அறையில் உள்ள சக பணியாளரை அவர் இரண்டு மணி நேரப் படத்தில் இரண்டே முறைதான் நேருக்கு நேர் பார்க்கிறார். அறிக்கை எழுதுவது என்பது பேசாமல் இருப்பதற்கான ஒரு வழி எனக் கருத இடமுண்டு."

ஆகாஷ் வெறும் ஒரு வரி எழுதியிருக்கிறான்: "ஐயா, கண்ணு கலங்கிடுச்சி."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சாப்பிடும்போது இவர் திடீரென்று பேசினார்.

"ஆடி முடியட்டும். அந்தப் பையன் வீட்ல வரச் சொல்லிருக்கேன்."

"யார கேட்டு?"

"துர்கா கேட்டுச்சி. சரின்னேன்."

"அவன் வேலைய விட்டவன்ங்க."

"ரெண்டு மாசமா எம்பொண்ணு எங்கிட்ட நல்லா பேசுதுடி" என்றார். "ஏன்னு தெரியல. கேட்டா நின்னுடுமோன்னு கேக்கல."

இந்த மனிதர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசிக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வீராம்பட்டினத்தில் தேர். சின்ன வயதில் வருடா வருடம் பாகூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து மாட்டு வண்டியில் போவோம். வடத்தைத் தொட்டுக் கும்பிட்டு, பொரி வாங்கிக்கொண்டு திரும்புவோம். அந்த ஊரில் யார் வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

ஜூன் பத்தாம் தேதி எழுதியதை எடுத்துப் படித்தேன். மூடி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது. வரிசையாக எழுதுகிறேன்.

பத்தரை மணிக்கு வந்தார்கள். ஆகாஷ், அவன் அப்பா தெய்வசிகாமணி, அம்மா அன்புசெல்வி. வீடியோவில் பார்த்ததைவிட ஆகாஷ் ஒல்லி. உள்ளே வந்ததும் நேராக இவர் காலில் விழுந்தான். என்னைப் பார்த்து "வணக்கம் ஆண்ட்டி" என்று பயந்து பயந்து சொன்னான். கேசரி கொடுத்தேன். உட்கார்ந்தார்கள்.

ஆகாஷ் இவரிடம் சொன்னான், "ஐயா, ஒங்ககிட்ட பேசணும்னு ரெண்டு மாசமா காத்துட்டிருக்கேன்."

"கடைய ஒம்போது மணிக்கே தொறந்துருவேனேப்பா. வந்திருக்கலாமே" என்றார் இவர்.

அவன் சிரித்தான். துர்காவும் சிரித்தாள். இருவரும் ஏதோ தெரிந்த மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்த வாளி ஐயா. கூரை ஒழுகுதுன்னு சொன்னீங்களே. அத நான் மறக்கவே மாட்டேன்."

இவர் தலையைத் தூக்கி எங்கள் கூரையைப் பார்த்தார். "போன மழைக்கே அடைச்சாச்சேப்பா" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். துர்கா அப்பாவின் கடைப் பெயர் தெரியாமலா இருப்பான்? எழுதுவது அவள் அப்பாதான் என்று அவனும் நினைத்திருக்கிறான், துர்காவும் நினைத்திருக்கிறாள். ஆசீர்வாதம், கேக், இஸ்திரி, தேங்க்ஸ்ப்பா. எல்லாம் என் கண் முன்னால் நடந்தது. நான் லிஃப்டில் யார் எங்கே நின்றார்கள் என்று படம் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகாஷ் கூரையைப் பார்த்துவிட்டு மெல்லத் தலையாட்டினான். "அடைச்சாச்சு... ஆமாங்கய்யா. அடைச்சாச்சு" என்றான், ஏதோ பெரிய தத்துவம் கேட்ட மாதிரி.

பிறகு, "லிஃப்ட் படத்துல அந்தப் பொண்ணு கண்ணாடிய கழட்டற எடம்?"

"கண்ணாடி கழட்டும்போது நட்டு சுத்தமா லூஸ் பண்ணிக்கணும். இல்லன்னா ஹேண்டில்பார்ல கீறல் விழும்."

"கீறல்..." என்றான் ஆகாஷ். துர்கா அப்பாவைப் பெருமையாகப் பார்த்தாள்.

நான் கேசரித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். இதோடு முடிந்திருக்கும். அவர்கள் அவரை நம்பியிருப்பார்கள், அவரும் கேக் சாப்பிட்டிருப்பார், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அடுத்த கேள்வி வந்தது.

"ஐயா, எனக்கு இன்னும் ஒரே ஒரு டவுட்டு. நீங்க எழுதுனதுக்கு அப்பறமும் மனசு கேக்கல. அந்த லிஃப்ட் ஆபரேட்டர் கொல பண்ணிருக்க சான்ஸே இல்லையா?"

இவர் ஒரு ஸ்பூன் கேசரியை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். "பண்ணிருக்கலாம்" என்றார். "யார நம்பறது."

"அவன் இல்ல."

யார் குரல் என்று ஒரு வினாடி எனக்கே தெரியவில்லை. என் குரல்தான்.

"நாப்பத்தோராவது நிமிஷம், அவன் ரெண்டு கையும் பட்டன் மேல இருக்குது. கத்தி விழற சத்தம் பின்னால கேக்குது. அப்பறந்தான் மத்தவங்களோட சேந்து அவனும் திரும்பி கீழ பாக்கறான். ஏழு பேர்ல சத்தம் கேட்டும் கீழ பாக்காதவ அந்தக் கண்ணாடிக்காரி மட்டுந்தான். கீழ என்னா விழுந்துச்சின்னு அவளுக்கு முன்னாடியே தெரியும். எனவே ஆபரேட்டர் குற்றவாளி அல்ல என்பது தெளிவாகிறது."

கடைசி வாக்கியம் அப்படியேதான் வந்தது. வாயிலிருந்து.

ஆகாஷ் பாதி எழுந்து நின்றான். தெய்வசிகாமணி என்ன நடக்கிறது என்று தெரியாமல் எல்லார் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முதலில் பேசியது அன்புசெல்விதான்.

"அப்ப எழுதுனது நீங்களா? நான் அன்னிக்கே சொன்னேன் இவங்கிட்ட. சீட்டு தைக்கறவரு 'பணிந்து'ன்னு எழுதுவாராடா, இது யாரோ ஆபீஸ்காரங்கன்னு. கேட்டாதான?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் எழுதலன்னு எனக்குத் தெரியும்" என்றார். "ஆனா இவங்க சொல்ல சொல்ல, நாம்பளே எழுதிட்டமோன்னு ஒரு டவுட்டு வந்துச்சி."

எல்லாரும் சிரித்தார்கள். துர்கா சிரிக்கவில்லை.

அவர்கள் கிளம்பிய பிறகு கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"பேச என்னா இருக்குன்ன. ஞாபகம் இருக்கா? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல நீ. அவன பத்தி, எங்கள பத்தி ஒண்ணுமே கேக்கல. மறுநாளே அவனுக்கு ரெண்டு பக்கம் எழுதிருக்க. அப்பாதான் என் பக்கம் நிக்கறார்னு நெனச்சேன். ரெண்டு மாசம் அந்த தைரியத்துல இருந்தேம்மா."

"துர்கா..."

"வேவு பாத்தியா, ரசிச்சியா? அத மட்டும் சொல்லு."

கேசரித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

"நீயே எழுதுன இல்ல, அறிக்கை எழுதறது பேசாம இருக்கறதுக்குன்னு. அத படிச்சிட்டு நான் அழுதேன், தெரியுமா? அப்பாவுக்கு இவ்ளோ தெரியுதேன்னு."

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்தேன். அவள் பங்கு அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சேனலைத் திறந்து பார்த்தேன். புது வீடியோ வந்திருக்கிறது. கீழே எல்லாரும் "சீட் கவர் ஐயா எங்க?" "ஐயாவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார்கள். ஆகாஷ் யாருக்கும் உண்மையைச் சொல்லவில்லை. "ஐயா கொஞ்சம் லீவுல இருக்காங்க" என்று மட்டும் போட்டிருக்கிறான். நல்ல பையன்.

நல்ல பையன் என்று எழுதிவிட்டேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

கட்டத்தில் "பொருள்:" என்று தட்டினேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. போனை இவரிடமே கொடுத்துவிட்டேன். "எனக்கெதுக்கு இது?" என்றார். அலமாரியில் போட்டுப் பூட்டினார்.

செப்டம்பர் 4, வியாழன்

பத்து நாளாகப் பேச்சில்லை. வீட்டில் பேசினால் சட்டி பானை உருட்டிக்கொண்டே பேசுவேன், அது எனக்கே தெரியும். அதனால் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு அவள் லேப்புக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் "சுகர் டெஸ்ட்டா, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சா?" என்று கேட்டு சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டாள். துர்கா உள்ளேயிருந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாள். எதிர்ப்பக்க டீக்கடையில் போய் நின்றோம்.

வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"வேல இல்லன்னு சொன்னேன் இல்ல" என்றேன். "அது பொய்."

அவள் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலையும் கவலதான். ஆனா அது ரெண்டாவது. மொதல்ல தோணுனது... அவங்க யாருன்னுதான். எங்க அண்ணன் என்னா சொல்லுவான், ஊர்ல என்னா பேசுவாங்க. அத வாயால சொல்ல வெக்கமா இருந்துச்சி. அதான் வேலைன்னேன். எங்கிட்டயே அப்பிடித்தான் சொல்லிக்கிட்டேன்."

லாரி ஒன்று போனது. புழுதி விழாமல் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள் துர்கா. "மொத நாளே தெரியும். நீ சொல்லுவியான்னுதான் பாத்துட்டு இருந்தேன்."

"அப்பறம் நீ கேட்டியே, வேவு பாத்தியா, ரசிச்சியான்னு. மொதல்ல வேவுதான் பாத்தேன். வாளி வரைக்கும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தோன்றியது. வேறாகவும் இருக்கலாம். நான் முடிவு கட்டவில்லை. கேட்டேன்.

"சிரிக்கிறியா, அழுவறியா?"

"ரெண்டும் இல்லம்மா. டீ சூடா இருக்கு" என்றாள்.

பிறகு சிரித்தாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மூன்று பேரும் வீராம்பட்டினம் போய்வந்தோம். நண்டுக் குழம்பு, வஞ்சிரம் வறுவல். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். இரண்டு டம்ளர்.

அண்ணனுக்கு நேற்றே போன் செய்து சொல்லிவிட்டேன். "யோசிச்சி செய்" என்றான். யோசித்தாயிற்று என்றேன். வைத்துவிட்டான். வருவானா என்று தெரியவில்லை. வராவிட்டால் வலிக்கும். வலிக்கட்டும்.

அன்புசெல்வி கறாரான பெண்பிள்ளை. நான் மீனை முள் பார்த்துப் பார்த்துத் தின்பதைக் கவனித்துவிட்டு, "அக்கா, அதுல நடு முள்ளு மட்டுந்தான். நீங்க தேடறதெல்லாம் இல்ல, சாப்புடுங்க" என்றாள். ஆகாஷின் வேலை பற்றியும் நேராகவே பேசினோம். கல்யாண வீடியோக்கள் வெட்டி ஒட்டிக் கொடுக்கிறான், மாதம் முழுக்க வேலை இருக்கிறது. எனக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்.

தெய்வசிகாமணியும் இவரும் மத்தியானம் முழுக்க ஒரு மொபெட்டின் சீட்டைப் பற்றியே பேசினார்கள். இரண்டு ஆண்பிள்ளைகளும் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 2, வியாழன்

ஆகாஷ் என்னை வீடியோவில் வந்து உட்காரச் சொல்கிறான். மாட்டேன் என்றேன். "அப்ப எழுதவாவது செய்ங்க ஆண்ட்டி" என்றான். இனிமேல் போனில் பேசுகிறேன் என்றேன். நேற்று பேசினோம், ஒரு மணி நேரம். தொலைந்துபோன கப்பல் படம் ஒன்று. படத்தைப் பற்றிப் பத்து நிமிடம், மீதி நேரமெல்லாம் கல்யாண மண்டபம், பந்தி, துர்காவுக்குக் காலையில் எழுந்ததும் ஏன் கோபம் வருகிறது என்பது.

நவம்பர் 2, ஞாயிறு

கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம். பத்திரிகை வைத்து, புடவை எடுத்து, மண்டபத்துக்கு அலைந்து எல்லாருக்கும் உடம்பு அலுத்துக் கிடந்தது. ஆகாஷ்தான் மேட்னி ஷோவுக்கு டிக்கெட் எடுத்தான். ஆறு பேரும் ஒரே வரிசை. வேற்றுக்கிரகத்துப் படம், தமிழில் பேச வைத்தது.

எனக்கு இடப்பக்கம் அன்புசெல்வி. தியேட்டருக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறதாம். வேற்றுக்கிரகத்து ஆள் வந்ததும், "இவன் என்னா தின்னுவான்?" என்று கேட்டாள். படம் முழுக்க அதைச் சொல்லவே இல்லை, அது அவளுக்கு மிகப் பெரிய குறை. வலப்பக்கம் துர்கா. இடைவேளைக்கு அப்புறம் அவள் தலை மெல்லச் சரிந்து என் தோளில் வந்து விழுந்தது. பள்ளிக்கூடத்துப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தவளைத் தூக்கி இறக்கிய பிறகு, இந்தக் கனம் என் மேல் விழுந்ததே இல்லை. தலையில் ஷாம்பு வாசனை. வாயைக் கொஞ்சம் திறந்து தூங்கினாள்.

நான் அசையவில்லை. கை மரத்துப்போனது. திரையில் நிறைய வெளிச்சம் வந்து போனது, யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், பெரிய சத்தத்தோடு ஏதோ திறந்தது.

வெளியே வந்ததும் ஆகாஷ் ஓடி வந்தான். கண்ணில் அந்த வெளிச்சம். "அத்த, கடைசி சீன்ல அந்தக் கதவு தொறந்துச்சே. அதுக்கு என்னா அர்த்தம்னு நெனைக்கிறீங்க?"

"பாக்கலப்பா" என்றேன்.

அவன் நம்பவில்லை. பைக் ஸ்டாண்டு வரை கூடவே வந்து கேட்டுக்கொண்டிருந்தான்.